நாயிடம் பாடங்கேட்ட நல்லறிஞர்

திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்த கரையோரங்களில் விடியற்காலையில் நடந்து பழகியவர்களுக்கு ஒரு காட்சி புதிதன்று. கரைவலை இழுத்து முடியும். விலைபோகும் மீன் கூடைகளில் ஏறிச் சந்தைக்குச் செல்லும். விலைபோகாத சிறு மீன்களும் திருக்கைத் துண்டுகளும் மணலிற் கிடந்து வெயிலில் அழுகும். அவ்விடத்திற்குக் கட்டாக்காலி நாய்கள் வரும். உண்ண வந்தன என்றே நாம் எண்ணுவோம். ஆனால் அவற்றுள் ஒன்று அழுகலை மோந்து பார்த்து, முன்னங்கால்களை மடக்கி, கழுத்தையும் தோளையும் அதன்மேல் வைத்துத் தேய்த்து, பின்பு நான்கு கால்களும் வானை நோக்க மல்லாந்து புரளும். அப்பொழுது அதன் முகத்தைப் பார்க்கவேண்டும். திருவிழாவில் மார்பு நிறையச் சந்தனம் பூசிக்கொண்ட அடியவரின் களிப்பு அதில் இருக்கும்.

நம் இலக்கியத்தில் நாய்க்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று உயர்ந்த இடம். தருமன் தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுத் துறக்கம் புக மறுத்தான் என்பது பாரதக் கதை. நாலடியார் நட்பைப் பற்றிப் பேசுமிடத்து யானையைக் கீழிறக்கி நாயை மேலேற்றுகின்றது. மற்றையது தாழ்ந்த இடம். அடியார்கள் தம்மை இழித்துரைக்கப் புகுந்தால் நாயேன் என்பர். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைப்பதைப் பற்றிய பழமொழியை அறியாத தமிழர் இலர். அன்பினால் நாய் உயர்ந்தது, அசுத்தத்தினால் தாழ்ந்தது. இவ்விரண்டையும் ஒரே உயிரிற் கண்ட நாம், முன்னதைப் பாராட்டினோம், பின்னதை அருவருத்தோம். பின்னது ஏன் என்று கேட்டோமில்லை.

நானும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் வீரன் என்றொரு நாய் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுது, கோயிலிலே கந்தபுராண படனத்திற்குப் பயன் சொல்வதற்காக நீராடி, வெளுத்த வேட்டி உடுத்து, திருநீறு தரித்துக் கிணற்றடி வழியே படலையை நோக்கி நடந்தேன். அந்நேரம் பார்த்துக் கடற்கரையிலிருந்து திரும்பிய வீரன் ஓடிவந்து என் காலோடு தன் உடலைத் தேய்த்தது. அழுகிய மீனின் நாற்றம் என் வேட்டியிலும் ஏறியது. வேலியோரம் சார்த்தியிருந்த பூவரசந் தடியை எடுத்தேன். நான்கைந்து அடி விழுந்தது. நாய் கடிக்கவில்லை; ஓடவுமில்லை. மல்லாந்து வயிற்றைக் காட்டிப் படுத்துக்கொண்டது. நான் மறுபடி குளித்து உடைமாற்றிக் கோயிலுக்குப் போய்விட்டேன்.

இதை, என்னிடம் தமிழ் பயின்று இப்பொழுது உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரிடம் ஒருநாள் ஒரு வேடிக்கை போலச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மறுவாரம் சார்ள்ஸ் டார்வின் எழுதிய இரண்டு நூல்களைக் கொணர்ந்து தந்தார். குரங்கிலிருந்து மனிதன் பிறந்தான் என்று சொன்னவர் என்ற அளவில் மட்டுமே நான் அறிந்திருந்த அப்பெரியார், நாயின் அசுத்தங்களையும் பொருளாக மதித்து ஆராய்ந்தவர் என்பதை அன்றுதான் அறிந்தேன். அவர் வாழ்க்கையை அந்த வழியாகச் சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரை.

சார்ள்ஸ் டார்வின் 1809-ஆம் ஆண்டு பெப்ரவரி 12-ஆம் நாள் இங்கிலாந்திலே ஷ்ரூஸ்பரி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பேர்பெற்ற வைத்தியர். தாயார் 1817-இல் மறைந்தபோது மைந்தனுக்கு வயது எட்டு. இளமையில் அவர் வண்டுகளையும் சிப்பிகளையும் சேர்ப்பார். தனியே நெடுந்தூரம் நடப்பார். நாய்களிடம் பித்தாக இருப்பார். பிறர் வளர்க்கும் நாயின் அன்பையும் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும் வல்லமை அவருக்கு இருந்தது.

அத்தகைய பிள்ளை, மிகச் சிறு வயதில் ஒருநாள் ஒரு நாய்க்குட்டியை அடித்துவிட்டது. குட்டி ஒரு குற்றமும் செய்யவில்லை. தனக்குள்ள பலத்தைக் காட்டிப் பார்க்கும் இன்பமே காரணம் என்று, 1876-இல், தம் 67-ஆம் வயதில் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் அவரே ஒப்புக்கொள்கிறார். அடி பலமானதாய் இருந்திராது என்பதற்கு, குட்டி அலறவில்லை என்பதைச் சான்று காட்டுகிறார். ஆயினும் அச்செயல் நிகழ்ந்த இடம் எதுவென்பது அவர் நெஞ்சில் அழியாமல் நின்றது. உலகம் முழுவதையும் சுற்றி, எண்ணற்ற உயிர்களைக் கண்டு, பெரும்புகழ் எய்திய முதியவரின் நினைவிலே, ஒரு குட்டிநாயை அடித்த சிறுநிலமும் இருந்தது. இவ்வரிகளை வாசித்தபோது நூலை மூடிவைத்துவிட்டுச் சிறிதுநேரம் விறாந்தையில் இருந்தேன்.

தந்தையாருக்கு மகன்மேல் மனக்குறை மிகுதி. வேட்டை, நாய், எலி பிடித்தல் என்னும் இம்மூன்றுமன்றி வேறெதிலும் நாட்டமில்லாத இவன் குடும்பத்திற்கே இழுக்காவான் என்று ஒருமுறை கடிந்துரைத்தார். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் இதை நினைவிற் கொள்வது நல்லது. நம் வகுப்பின் கடைசி வாங்கில் இருந்து யன்னலுக்கு வெளியே பார்க்கும் பிள்ளை எதைப் பார்க்கிறது என்று நமக்குத் தெரியாது.

1825-இல் மைந்தனை எடின்பரோவுக்கு மருத்துவம் பயில அனுப்பினார்கள். மயக்கமருந்து வழக்கில் வராத காலம் அது. அறுவை இரண்டைக் கண்டார். அவற்றுள் ஒன்று ஒரு குழந்தைக்குச் செய்யப்பட்டது. முடியுமுன்னரே அவ்விடத்தை விட்டு ஓடினார். பின்பு, சமயகுருவாக்கும் நோக்கத்தோடு 1828-இல் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பப்பட்டார். அங்கும் பாடத்தைவிட வண்டுகளே அவரை ஈர்த்தன. பட்டம் பெற்ற 1831-ஆம் ஆண்டிலேயே, தென்னமெரிக்கக் கரைகளை அளக்கப் புறப்பட்ட ஒரு கப்பலில் இயற்கையாராய்ச்சியாளராகச் செல்லும் வாய்ப்பு வந்தது. அக்கப்பலின் பெயர் பீகிள். அது ஒரு வேட்டைநாய் இனத்தின் பெயர். நாய்ப் பித்தரை நாயின் பெயர் தாங்கிய கப்பலே ஏற்றிச் சென்றது.

1831 டிசெம்பர் 27-இல் தொடங்கிய பயணம் 1836 ஒக்டோபர் 2-இல் முடிந்தது. அவர் கண்ட பலவற்றையும் சொல்ல இங்கே இடமில்லை. நாய்களைப் பற்றிய இரண்டை மட்டும் சொல்வேன்.

இன்று உருகுவே எனப்படும் நாட்டில் ஆட்டுமந்தை காக்கும் நாய்களைக் கண்டார். பிறந்த சிலநாளில் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, ஒரு பெண்ணாட்டிடம் பால் குடிக்க விடுவார்களாம். ஆட்டு மயிரிலேயே படுக்கை அமைப்பார்களாம். வளர்ந்த நாய் ஆடுகளையே தன் இனமாகக் கொள்ளும். நாள்தோறும் இறைச்சிக்காக வீட்டுக்கு வரும்போது அங்குள்ள நாய்கள் குரைத்துத் துரத்த, அது அஞ்சி ஓடும். மந்தையை அடைந்ததும் அதே நாய் திரும்பி நின்று குரைக்கும். துரத்தி வந்தவை ஓடும். பிறப்பினால் வந்த குணம் மாறவில்லை. அது யாருக்காகச் செயற்படவேண்டும் என்பதை வளர்ப்பு மாற்றிவிட்டது.

மற்றையது துயரமானது. போக்லந்துத் தீவுகளில் ஓநாயை ஒத்த ஒருவகை நரி இருந்தது. மனிதனை அறியாத அவ்விலங்கு மனிதனுக்கு அஞ்சவில்லை. ஒரு கையில் இறைச்சியை நீட்டி மறுகையிலுள்ள கத்தியால் அதைக் கொன்றார்கள். அது விரைவில் உலகிலிருந்தே அற்றுப்போகும் என்று டார்வின் எழுதினார். 1876-இல், அவர் உயிரோடிருக்கும்போதே, அது அற்றுப்போயிற்று.

1836-இன் முற்பகுதியில் அக்கப்பல் இந்துசமுத்திரத்தைக் கடந்தது. கொக்கோசுத் தீவு, மொரீசியசு என்று தெற்கு வழியாகவே சென்றதால், உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகிய நம் துறைமுகத்தை அவர் காணவில்லை. ஆனால் நம் ஊர் அவரை வேறு வழியிற் சென்றடைந்தது. அதைப் பின்னர்ச் சொல்வேன்.

ஊர் திரும்பியதும் அவர் செய்த ஒரு சோதனை என் உள்ளத்தைத் தொட்டது. அவருடைய நாய் ஒன்று அயலார் எவரையும் நெருங்கவிடாத முரட்டு நாய். ஐந்து ஆண்டும் இரண்டு நாளும் பிரிந்திருந்தபின், அது கட்டியிருந்த இலாயத்தின் அருகே சென்று, பழைய முறையிலே குரல் கொடுத்தார். நாய் துள்ளவில்லை, களிப்புக் காட்டவில்லை. எழுந்து வந்து, அரைமணி நேரத்திற்கு முன்புதான் பிரிந்ததுபோல் அவர் பின்னே நடந்தது; சொன்னபடி செய்தது. விலங்குகளின் நினைவாற்றலுக்குச் சான்றாக, 1871-இல் வெளிவந்த மனிதனின் வழித்தோற்றம் பற்றிய நூலில் இதை அவர் குறித்துள்ளார்.

1839-இல் எம்மா என்னும் மாமன் மகளை மணந்தார். 1842-இல் இலண்டனை விட்டு, கென்ற் மாகாணத்திலுள்ள டவுண் என்னும் சிற்றூரிற் குடியேறினார். தீராத வயிற்றுநோயும் தளர்ச்சியும் அவரை வாட்டின. 1851-இல் பத்து வயது மகள் ஆனி இறந்தாள். இத்துன்பங்களுக்கிடையே இருபது ஆண்டுகளாகத் தம் கொள்கையைத் தேற்றித் தேற்றி வைத்திருந்தார். 1858-இல் அல்பிரட் வாலஸ் என்பார் மலாய்த் தீவுக்கூட்டத்திலிருந்து எழுதிய கடிதத்திற் கிட்டத்தட்ட அதே கொள்கையைக் கண்டு திகைத்தார். இருவர் கருத்தும் ஒருங்கே சபையில் வாசிக்கப்பட்டன. 1859 நவம்பர் 24-இல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய பெருநூல் வெளிவந்தது. அதனால் எழுந்த புயல் உலகறிந்தது, விரித்தல் வேண்டா. உயிர்கள் யாவும் ஒரு பெருங்குடும்பம். அவற்றின் உடல் முன்னோரிடமிருந்து வழிவழியாக மாறி வந்தது. இதுவே அதன் சாரம்.

உடல் அவ்வாறு வந்ததென்றால் குணமும் செய்கையும் எவ்வாறு வந்தன? இக்கேள்வியே அவரை நாயிடம் கொண்டுசேர்த்தது. முகக்குறிகளும் மெய்ப்பாடுகளும் எல்லா மக்களுக்கும் பொதுவா என்று அறிய விரும்பி, 1867-ஆம் ஆண்டளவில் பதினாறு வினாக்களைக் கொண்ட தாள் ஒன்றை உலகெங்கும் அனுப்பினார். வியந்தால் கண்ணும் வாயும் விரிகின்றனவா, நாணினால் முகம் சிவக்கின்றதா, உடன்பட்டால் தலை அசைக்கும் முறை என்ன என்பன போன்ற வினாக்கள் அவை. முப்பத்தாறு விடைகள் வந்தன. இலங்கையிலிருந்து விடையளித்தவராக அவர் நன்றியுடன் குறிப்பிடுபவர் எஸ். ஓ. கிளெனி பாதிரியார். அந்நாளில் திருக்கோணமலையிலே ஆங்கிலத் திருச்சபைக் குருவாகப் பணிபுரிந்தவர் அவர். இப்பகுதியின் செடிகொடிகளைத் தேடித் திரட்டியவர். மெய்ப்பாடு எட்டென வகுத்த தொல்காப்பியரின் வழிவந்த நாம் அறியாமலே, நம் தீவு மக்களின் முகத்தைப் பற்றிய செய்தி நம் ஊர்க் குரு ஒருவர் கைவழியாக டார்வினின் மேசைக்குச் சென்றது.

மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சி வெளிப்படும் விதத்தைப் பற்றிய அந்நூல் 1872-இல் வெளிவந்தது. நாம் முகம் சுளித்து அகலும் செய்கைகளை அவர் அதில் நின்று நோக்குகிறார்.

படுக்குமுன் நாய் சுற்றிச் சுற்றி வருவதை யாவரும் கண்டிருப்போம். புல்லை மிதித்துப் பள்ளஞ் செய்து படுத்த காட்டு முன்னோரின் பழக்கம் அது என்றார் அவர். கம்பளத்தின்மேல் புல்லில்லை, ஆயினும் கால் சுற்றுகின்றது. அறிவு குன்றிய நாயொன்று படுக்குமுன் பதின்மூன்று முறை சுற்றியதை அவர் நண்பர் ஒருவர் எண்ணிச் சொன்னாராம்.

மலங்கழித்தபின் நாய் நான்கு கால்களாலும் பின்னோக்கிப் பிறாண்டும். மண் இருந்தாலும் பிறாண்டும். வெறுங் கல்லாயினும் பிறாண்டும். பூனையைப்போல மூட முயல்கின்றதோ என்று தோன்றும், ஆனால் மூடுவதில்லை. இலண்டன் விலங்குக்காட்சிச்சாலைக் காவலரை அவர் கேட்டறிந்தார். ஓநாயும் நரியும் அவ்வாறே பிறாண்டுகின்றன, அவையும் மூடுவதில்லை. எனவே தொல்பழங்காலத்து வழக்கமொன்றின் எச்சமே இது என்று கருதினார். இன்றைய ஆராய்ச்சி இதற்கு வேறு விளக்கம் தருகிறது. நாயின் பாதத்தில் மணம் சுரக்கும் சுரப்பிகள் உள்ளன. கீறலாலும் மணத்தாலும் தன் வருகையை அது அங்கே எழுதிவைக்கின்றது என்பர். கம்பந்தோறும் காலைத் தூக்கிச் சிறுநீர் கழிப்பதும் அத்தகைய எழுத்தே. அடுத்து வரும் நாய் அதை மோந்து படிக்கின்றது. இரு நாய்கள் சந்தித்தால் ஒன்றன் பின்புறத்தை மற்றொன்று மோப்பதும், யார், ஆணோ பெண்ணோ என்று அறிந்துகொள்வதற்கே. நாம் ஊரும் பேரும் கேட்பதில்லையா?

இனி அழுகலிற் புரளுதலுக்கு வருவோம். டார்வினிடம் டெரியர் இனத்துப் பெண்நாய் ஒன்று இருந்தது. பசியில்லாத வேளையில் பிஸ்கற் கொடுத்தால், அது முதலில் அதை ஓர் எலியைப் பிடித்ததுபோல வாயாற் கவ்வி உதறி எறியும். பின்பு அழுகிய ஊன்மேற் புரள்வதுபோல அதன்மேற் பலமுறை புரளும். அதன்பின்னரே உண்ணும். சுவையற்ற உணவுக்குக் கற்பனையினாற் சுவையூட்டிக்கொள்கின்றது போலும் என்றார் அவர். பிஸ்கற் எலியுமன்று, அழுகலுமன்று என்பது நம்மைக் காட்டிலும் அதற்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் முன்னோர் வழியையே அது பின்பற்றுகின்றது. உண்ணுமுன் நாம் இலையைச் சுற்றி நீர் தெளிக்கும் வழக்கம் என் நினைவுக்கு வந்தது.

புரள்வதன் காரணம் இன்றும் ஐயமறத் துணியப்படவில்லை. இரையை அணுகும்போது தன் மணத்தை மறைப்பதற்கென்பர் சிலர். தான் கண்டதைத் தன் கூட்டத்தாருக்கு உடலிற் சுமந்துவந்து அறிவிப்பதற்கென்பர் வேறு சிலர். இரண்டாவது கருத்து உண்மையாயின், அன்று மாலை வீரன் ஓடிவந்து என் காலில் உரசியதன் பொருள் என்ன? கடற்கரையிலே தான் கண்ட பெருஞ்செல்வத்தை வீட்டுத் தலைவனுக்கு அறிவிக்க வந்ததென்றே கொள்ளவேண்டும். இதை எண்ணும்போது நாணுகிறேன்.

வேறு சில செய்கைகளுக்கும் இன்று விளக்கங்கள் உள. நாய் மலத்தைத் தின்பது நமக்குக் குமட்டலைத் தரும். ஆனால் தாய்நாய் தன் குட்டிகளின் கழிவை நக்கியே படுக்கையைத் தூய்மை செய்கின்றது. அது தாய்மையின் ஓர் அங்கம். கக்கியதை உண்பதும் அத்தகையது. ஓநாய்கள் வேட்டையாடி உண்டதை வளையில் வந்து கக்கிக் குட்டிகளை ஊட்டுகின்றன; அவற்றின் வழிவந்த நாய்க்குக் கக்கியது இழிபொருளன்று. உணவுக் கலத்தினருகே உறுமுவது நன்றிகேடன்று. விலகிநில் என்னும் அறிவிப்பு அது. உறுமியதற்காக அடித்தால் நாய் உறுமுவதை விட்டுவிடும். பின்பு அறிவிப்பின்றிக் கடிக்கும். இவை இயல்புகள். விசர் வேறு, அது நோய். கட்டாக்காலி நாய்கள் திரியும் ஊரில் வாழும் நாம், கடிபட்ட இடத்தை உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி பெறவேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

காரணமின்றிக் குரைப்பதும் நாய்மேற் சாட்டப்படும் குற்றங்களுள் ஒன்று. காற்றில்லாத வெயில்நாளில் டார்வின் வீட்டுப் புற்றரையில் விரித்த குடையொன்று கிடந்தது. எப்போதாவது வீசிய இளங்காற்றில் அது சிறிது அசையும். அசையுந்தோறும் அவர் நாய் சீறிக் குரைத்தது. அருகில் ஆள் நின்று அசைத்திருந்தால் அது பொருட்படுத்தியிராது. காரணம் கட்புலனாகாத அசைவைக் கண்டு, அங்கே யாரோ இருக்கின்றார் என்று அது ஊகித்தது போலும் என்றார். நள்ளிரவில் நாய் ஊளையிட்டால் யமதூதரைக் கண்டதென்று நாம் சொல்கின்றோம். கண்ணுக்குப் புலனாகாத ஒருவர் உண்டென்னும் ஊகத்தில் நமக்கும் நாய்க்கும் தூரம் அதிகமில்லை.

டார்வினும் பிழைத்த இடங்கள் உள. பெருநாய்கள் ஓநாயிலிருந்தும் சிறுநாய்கள் நரியினத்திலிருந்தும் வந்திருக்கலாம் என எண்ணினார். நாய்கள் யாவும் பண்டைய ஓநாயின் வழியினவே என்பது இன்றைய மரபணு ஆராய்ச்சியின் முடிவு. தமக்காக ஓநாய்களை நோக்கிய ஒருவர், அவை அழுகலிற் புரளக் கண்டதில்லை என்று சொன்னதை அவர் குறித்துள்ளார்; பின்வந்தோர் ஓநாய் புரள்வதைக் கண்டிருக்கின்றனர். பிழை நேர்ந்தது விடையில், கேள்வியில் அன்று.

நாயின் துயரத்தையும் அவர் அதே கண்ணோடு பார்த்தார். அவர் வளர்த்த பெருநாய் ஒன்று உலாவப் போவதென்றால் தலையும் வாலும் நிமிர முன்னே நடக்கும். வழியிலே செடிகள் வளர்க்கும் கண்ணாடி வீட்டுக்கு ஒரு கிளைப்பாதை பிரியும். அவர் அப்பக்கம் திரும்பிய கணமே உலா முடிந்ததென்று கருதி, தலை தொங்கி, உடல் தாழ்ந்து, காதும் வாலும் சோர்ந்து நிற்கும். அம்முகத்திற்கு வீட்டார் ஒரு பெயரே வைத்திருந்தனர். தன்மேல் இரக்கம் வருவதற்காக அது நடித்தது என்று சொல்ல முடியாது என்றும் அவர் எழுதியுள்ளார்.

ஆராய்ச்சிக்காக உயிரோடு அறுக்கப்படும் நாய், அறுப்பவனின் கையையே நக்கிய செய்தியை 1871-ஆம் ஆண்டு நூலிற் சொல்லி, நெஞ்சு கல்லாகாதவனாயின் அவன் தன் இறுதிநாள் வரை வருந்துவான் என்னும் கருத்தை அமைத்தார். எய்த வேல் உடம்பிலே நிற்க, எய்தவனைக் கண்டு வாலைக் குழைக்கும் நாலடியார் நாய் என் கண்முன் வந்தது. ஒன்றையொன்று அறியாத இரு நாடுகளில், பற்பல நூற்றாண்டுகள் இடையிட்டு, இரு பெரியோர் ஒரே காட்சியைக் கண்டு நின்றிருக்கின்றனர். விலங்குகளைப் பற்களால் இறுகக் கவ்வும் இரும்புப் பொறிகளுக்கு எதிராக 1863-இல் அவரும் மனைவியாரும் வேண்டுகோள் வெளியிட்டனர். 1875-இல் அரச விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொன்னபோது, மருத்துவ அறிவு வளர ஆராய்ச்சி வேண்டும் என்பதை மறுக்காமலே, தவிர்க்கக்கூடிய துன்பத்தைக் கடுமையாகக் கண்டித்தார்.

முதுமையில் அவருக்குத் துணையாயிருந்தது பொலி என்னும் சிறு வெண்ணிற டெரியர். மகளுடைய நாய் அது; 1871-இல் அவள் மணமாகிச் சென்றபின் தந்தையோடு ஒட்டிக்கொண்டது. தீப்புண்பட்ட அதன் முதுகில் செம்மயிர் முளைத்தது. பொலியின் தந்தை செந்நிற நாயாதலால், தம் மரபுக் கொள்கைக்கு அது சான்று தந்துவிட்டதென்று அவர் விளையாட்டாகப் பாராட்டுவார். அவருடைய படிப்பறையில் கூடையொன்றிற் கிடந்து அவரோடு எழுந்து, அவரோடு உலாவி, அவரோடு திரும்பியது. 1882 ஏப்ரில் 19-ஆம் நாள் டார்வின் காலமானார். வெஸ்ற்மினிஸ்ரர் பேராலயத்திலே, நியூற்றனின் சமாதிக்கு அண்மையில், 26-ஆம் நாள் அடக்கஞ் செய்யப்பட்டார். அவர் மறைந்த சில நாட்களுக்குள் பொலியும் நோயுற்று முடிந்தது. தோட்டத்து அப்பிள் மரத்தின் கீழ் அதைப் புதைத்தார்கள்.

எங்கள் வீரனும் இன்றில்லை. நான் அடித்த அந்நாளுக்குப் பின்னும் அது கடற்கரைக்குப் போனது, அழுகலிற் புரண்டது. என் தடியால் மாறியது ஒன்றே ஒன்று. நான் கையில் குடையை எடுத்தாலும் அது எழுந்து விலகி நின்றது. மழைக்காலம் முழுவதும், நான் பாடசாலைக்குப் புறப்படும் ஒவ்வொரு காலையும், படலையடியிற் படுத்திருந்த நாய் எனக்காக வழிவிட்டு விலகியது. அதை மரியாதை என்றே நான் அப்போது எண்ணினேன்.

அன்று கோயிலிலே எந்தப் படலத்திற்குப் பயன் சொன்னேன் என்று நினைத்துப் பார்க்கிறேன், நினைவு வரவில்லை. கிணற்றடியில், துவைகல்லுக்கு இப்பால், வாழைக்குத் தண்ணீர் ஓடும் வாய்க்காலின் ஓரம் நாய் மல்லாந்து கிடந்த இடம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.